சொல்லுக்கு முன் ஒரு கடி

ஜனவரி 3

காலையில் நூல்நூலாகப் பிழிந்த சந்தவையும் தேங்காய்ப் பாலும். மயிலாத்தாளுக்கு விழுங்கச் சிரமம், எனக்கு மெல்லச் சிரமம். இருவருக்கும் ஒரே பலகாரம் போதும் என்றாகிவிட்டது. சமையல் செய்பவனுக்கு இது வசதி. சமையல் செய்பவன் நான்தான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பெனசீர் சொன்னாள்: "சார், அம்மா தினமும் என்ன சொன்னாங்க, எப்படிச் சொன்னாங்கன்னு நாலு வரி எழுதி வைங்க. எனக்கு உதவியா இருக்கும்." பேங்கில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. எடுத்துக்கொண்டேன். நாலு வரியோடு நிறுத்தும் பழக்கம் எனக்கு இல்லை என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

முதலில் நிலவரம். ஆவணியில் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது, வீட்டுக்குள் நடக்கிறாள். வலது கை பாதி தேறியிருக்கிறது. நாம் சொல்வது எல்லாம் புரிகிறது. பேச்சுதான் வரவில்லை. வகுப்பில் விளக்குவதாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: வீட்டுக்குக் கரண்ட் வருகிறது, பல்பு நன்றாக இருக்கிறது, ஃபேன் நன்றாக இருக்கிறது. சுவிட்சுப் பலகைக்குள் மட்டும் யாரோ வயர்களை மாற்றிச் சொருகிவிட்டார்கள். ஃபேனைப் போட்டால் விளக்கு எரிகிறது. சில நேரம் எதுவுமே எரிவதில்லை.

பலகாரம் முடிந்ததும் மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். நான் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். அவள் என் வாயையே பார்த்து, அதே மாதிரி தன் வாயை வைத்துச் சொல்ல வேண்டும். இன்று "தண்ணி" வந்தது. "பால்" வரவில்லை, "பாப்" என்று வந்தது. "இன்னொருக்கா" என்றேன். முறைத்தாள். அந்த முறைப்பு மட்டும் எந்தப் பழுதும் இல்லாமல் அப்படியே இருக்கிறது.

என் மேல்வரிசைப் பல்செட் ஆட ஆரம்பித்திருக்கிறது. பேசுவதற்கு முன் லேசாக ஒரு கடி கடித்து உட்கார வைத்துக்கொண்டால் நாலு வார்த்தைக்கு நிற்கும். எண்ணெயில் உப்பி வரும் அப்பளத்தைக் கரண்டியால் அமுக்கிப் பிடிப்பது மாதிரி. பெரிய விஷயம் இல்லை.

ஜனவரி 8

பெனசீர் இன்று ஒரு சோதனை வைத்தாள். படங்களைக் காட்டிக் கேட்டாள். சாவி, குடை, ஆடு. ஆட்டுக்குப் பதில் வந்தது. பிறகு, "அம்மா, உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?"

மயிலாத்தாள் சுவரில் இருந்த முருகன் காலண்டரைப் பார்த்தாள். பெனசீர் தாளில் ஏதோ குறித்தாள். முட்டை மார்க் போட்டிருப்பாள் என்று தெரிந்தது.

"அது தப்பு இல்லைம்மா" என்று பெனசீரிடம் சொன்னேன். "என் பேர் சென்னியப்பன். அதுவும் முருகன் பேர்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அதைச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டாலும் முருகன் படத்தைத்தான் காட்டுவாள். கேட்கிறவர்கள் வேலன், கந்தன், பழனிச்சாமி என்று எல்லாப் பெயரையும் சொல்லிப் பார்த்துக் கடைசியில்தான் என்னிடம் வருவார்கள். நீ முழு மார்க் போடணும்."

பெனசீர் சிரித்துவிட்டாள். "அப்ப உங்கள எப்படித்தான் சார் கூப்பிடுவாங்க?"

"ஏனுங்க."

"அட, அதையே சொல்லிக் குடுங்களேன். பழகின வார்த்தை சீக்கிரம் வரும்."

அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? தண்ணியை நான் சொல்லலாம், ஆட்டை நான் சொல்லலாம். நான் "ஏனுங்க" என்று சொன்னால் அது யாரைக் கூப்பிடுவது? பார்க்கலாம் என்றேன். எழுந்துபோய் மோட்டாரை நிறுத்தினேன். தொட்டி இன்னும் நிறையவில்லை என்று பிறகுதான் பார்த்தேன்.

ஜனவரி 11

"சர்க்கரை" சொல்லும்போது என் மேல் பல்செட் டொக்கென்று இறங்கி உதட்டில் வந்து நின்றது.

முன்பு என்றால் இதை வைத்து ஒரு வாரம் ஓட்டியிருப்பாள். அவளுக்கு யாரைப் போலவும் நடிக்க வரும். எங்கள் ஹெட்மாஸ்டர் கண்ணாடியைத் துடைப்பது, தயிர்க்காரம்மா அளக்கும்போது வானத்தைப் பார்ப்பது, நான் கேள்வி கேட்டுவிட்டு நானே பதில் சொல்லிக்கொள்வது. அடுப்படியில் நின்று அவள் என்னை நடித்துக் காட்ட, கூடத்தில் விருந்தாளிகளோடு நானும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இன்று தலையைத் திருப்பிக்கொண்டாள். நான் பல்லை மாட்டும்வரை திரும்பவில்லை. நல்ல மனசுதான். ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை.

மளிகை போனில் சொன்னால் வந்துவிடுகிறது. காய்கறி வண்டி வாசலுக்கு வருகிறது. முடி வெட்டக்கூட ஆள் வீட்டுக்கே வந்துவிட்டுப் போகிறார். வெளியே போக வேண்டிய வேலையே இப்போது இல்லை.

ஜனவரி 14

பொங்கல். கரும்பை இருவரும் பார்த்தோம்.

ஜனவரி 17

பல்செட்டுக்குப் பசை இருக்கிறது என்று மருந்துக் கடைக்காரர் ஒரு ட்யூப் கொடுத்தனுப்பினார். துளித் துளியாக வைக்கச் சொல்லி அட்டையில் போட்டிருந்தது. துளி எதற்குப் போதும் என்று தாராளமாகவே வைத்தேன். அரை மணி நேரத்தில் ஓரமெல்லாம் பிதுங்கி வழிந்தது. புளித்த தோசை மாவு சட்டியை விட்டுப் பொங்கி வருவதுபோல். பேச்சு என்னவோ நன்றாக வந்தது. சாயங்காலம் கழற்றத்தான் முடியவில்லை. வெந்நீர் கொப்பளித்து, விரலால் நெம்பி, ஒருவழியாக வெளியே எடுத்தபோது உயிரே ஒரு சுற்று போய்வந்தது.

மயிலாத்தாள் குளியலறை வாசலில் துண்டோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

இன்று புதிய சொல்: "கதவு". நான்கு தடவையில் வந்தது.

ஜனவரி 22

பெனசீர் வந்தாள். பயிற்சி முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"சார், அம்மாகிட்ட புதுசா ஒண்ணு பாக்கறேன். ஒரு வார்த்தைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தாடைய இறுக்கறாங்க. பல்லக் கடிக்கற மாதிரி. அப்புறம்தான் சத்தம் வருது. டிசம்பர்ல இது இல்ல."

"அது கெட்டதாம்மா?"

"தெரியல சார். வாய் வழி தெரியாம தேடும்போது சில பேருக்கு இந்த மாதிரி வரும். ஆனா இது ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வருது. கோயமுத்தூர்ல எங்க மேடம்கிட்ட கேக்கறேன். பயப்படாதீங்க."

பயப்படவில்லை. ரத்த அழுத்தம் மட்டும் பார்த்தேன், காலையிலும் மதியமும் மாலையிலும். சரியாகத்தான் இருக்கிறது. அவள் கையை இழுத்துக்கொண்டு, போதும் என்று சைகை காட்டினாள்.

ஜனவரி 25

பயிற்சியைக் கூட்டியிருக்கிறேன். காலையோடு மாலையிலும். நான் தெளிவாகச் சொன்னால் அவளுக்குச் சுலபமாக இருக்கும் என்பதால் நன்றாக இரண்டு கடி கடித்து, பல்லை அழுத்தமாக உட்கார வைத்துவிட்டே ஒவ்வொரு சொல்லையும் சொல்கிறேன்.

அவளுடைய தாடை இறுக்கம் குறையவில்லை. கூடியிருக்கிறது. இப்போது சில சொற்களுக்கு இரண்டு தடவை இறுக்குகிறாள்.

மதியம் பல்செட்டைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தேன். பசை மிச்சம் ஒட்டியிருந்தது, நாற்றமும் இருந்தது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும் என்று எத்தனையோ வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். தண்ணீரைக் கொதிக்க வை, பாலைக் கொதிக்க வை, ஊசியைக் கொதிக்க வை. பல்லை மட்டும் விடுவானேன்?

ஜனவரி 26

பல்செட் முன்னைவிட மோசம். ஒரு கால் குட்டையான மேஜைமேல் கையை வைத்தால் எப்படி இருக்கும்? இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் எழும்புகிறது.

அந்தியூரிலிருந்து மயிலாத்தாளின் தங்கை துளசிமணி போன் செய்தாள். என் பேச்சைக் கேட்டதுமே பிடித்துக்கொண்டாள்.

"என்னுங்க மாமா, வாயில கல்ல வெச்சுட்டுப் பேசறீங்களா?"

"பல்லு கொஞ்சம் ஆடுது."

"கொஞ்சமா? எனக்கு இங்க கடகடன்னு கேக்குது. டாக்டர்ட்டப் போயிட்டு வாங்க. நான் வந்து அக்காகூட இருக்கறேன்."

"பாக்கலாம்."

"தீவாளிக்கும் பாக்கலாம்னீங்க. மாமா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு நீங்க பல்லு வாங்கப் போன நேரத்துல அக்காவுக்கு அப்படி ஆயிருச்சு. அதுக்காக இனி வாசப்படியே தாண்டாம இருந்துருவீங்களா?"

சிக்னல் சரியில்லை. வைத்துவிட்டேன்.

ஜனவரி 29

கோவை மேடத்துக்கு அனுப்ப பெனசீர் இன்று பயிற்சியை வீடியோ எடுத்தாள். "நீங்க எப்பவும் சொல்லிக் குடுக்கற மாதிரியே குடுங்க சார்" என்றாள். செல்போனைப் புத்தகங்களில் சாய்த்துவைத்து இருவரும் தெரியும்படி எடுத்தாள். எனக்கும் அனுப்பிவிட்டுப் போனாள்.

மதியம் மயிலாத்தாள் தூங்கும்போது போட்டுப் பார்த்தேன். முதல் தடவை அவளைத்தான் பார்த்தேன். இடது கையால் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல், பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். அந்த இறுக்கம் வரும் இடத்தைக் கண்டுபிடிக்க மறுபடி போட்டேன். அப்போது கண் தவறி என் பக்கம் பார்த்துவிட்டேன்.

"மாம்பழம்." நான் ஒரு கடி கடிக்கிறேன், சொல்கிறேன். அவள் ஒரு கடி கடிக்கிறாள், சொல்கிறாள்.

"கதவு." நான் ஒரு கடி. அவள் ஒரு கடி.

"சர்க்கரை." எனக்குப் பல் நழுவுகிறது. இரண்டு கடி கடித்து, நாக்கால் அண்ணத்தை ஒரு தள்ளு தள்ளிவிட்டுச் சொல்கிறேன். அவளும் இரண்டு கடி கடித்து, தன் சொந்தப் பல்லை, ஆடாத அசையாத பல்லை, நாக்கால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுச் சொல்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக் கரும்பலகையில் ஒரு வெடிப்பு இருந்தது. இதயத்தின் படம் போடும்போது அந்த வெடிப்பு இடது கீழறைக்குக் குறுக்கே போகும். ஒரு வருடம் பரீட்சைத் தாள் திருத்தும்போது பார்த்தால், பாதிப் பிள்ளைகள் அந்தக் கோட்டையும் சேர்த்து வரைந்திருந்தார்கள். ஒருத்தி அதற்கு அம்புக்குறி போட்டு ஒரு பெயரும் எழுதியிருந்தாள். வரைந்தவர்கள் எல்லாம் கவனமாகப் படிக்கிற பிள்ளைகள். பராக்குப் பார்க்கிறவன் எவனும் அந்தக் கோட்டை வரையவில்லை.

வீடியோவை மறுபடி போட்டேன். மறுபடியும்.

ஜனவரி 30

பெனசீருக்கு போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் புஸ்ஸென்று ஒரு சத்தம். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள் என்று புரிந்தது.

"மன்னிச்சுக்குங்க சார். நான் மூணு புத்தகத்தப் புரட்டிட்டேன்." பிறகு குரல் மாறியது. "சார், இது நல்ல செய்தி. அம்மா உங்க வாய அவ்வளவு துல்லியமா பாக்கறாங்க. அந்தத் துல்லியம் இருந்தா பேச்சு வரும். ஆனா ஒண்ணு. இந்தக் கடி அவங்க வார்த்தையோட ஒட்டிக்கிட்டா அப்புறம் பிரிக்கறது கஷ்டம். உங்க பல்லு சரியாகற வரைக்கும் நீங்க சொல்லிக் குடுக்காதீங்க. நான் வர்ற நாள்ல நான் பாத்துக்கறேன்."

"அது எவ்வளவு நாள்?"

"அது உங்க கையில இருக்கு சார்."

பிப்ரவரி 1

பல்லே இல்லாமல் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று தோன்றியது. கழற்றி வைத்துவிட்டு "தண்ணி" என்றேன். மயிலாத்தாள் என் வாயைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு உதடுகளையும் பல்லுக்கு மேலே உள்ளே மடித்துக்கொண்டாள், என்னுடையது போலவே. நிறுத்திவிட்டேன்.

இன்று பயிற்சி இல்லை. பலகாரம் முடிந்ததும் வழக்கம்போல மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். "இன்னிக்கு லீவு" என்றேன். போகாமல் உட்கார்ந்தே இருந்தாள். வீட்டில் மிக்ஸி ஓடினால் தேவலை என்று இருந்தது. தேவையில்லாமல் ஒரு சட்னி அரைத்தேன்.

பிப்ரவரி 3

நீளமாக எழுத வேண்டிய நாள்.

காலையிலேயே துளசிமணி முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கூப்பிடாமலே வந்தாள். "பத்து மணிக்கு டாக்டர் வர்றாருன்னு கேட்டுட்டேன். கெளம்புங்க மாமா. அக்காவ நான் பாத்துக்கறேன். நான் என்ன, பச்சப் புள்ளையா?"

சட்டை மாற்றினேன். பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டேன். செருப்பு மாட்டினேன். கேட்டைத் திறந்தேன். கேஸ் அடுப்பை மூடினேனா என்று பார்க்கத் திரும்பி வந்தேன். மூடித்தான் இருந்தது. மறுபடி செருப்பு மாட்டினேன். மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது என்று துளசிமணிக்குச் சொல்ல வந்தேன்.

"மாமா, மேஜை மேலதான இருக்குது. எனக்குக் கண்ணு தெரியுது."

நான் வாசலிலேயே நின்றேன். அப்போது மயிலாத்தாள் எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். வெளியே போகும்போது போடும் செருப்பை இடது கையில் பிடித்திருந்தாள். ஆவணிக்குப் பிறகு அந்தச் செருப்பு அலமாரிக்கு அடியில்தான் கிடந்தது. யாராவது நலம் விசாரித்தால் பதில் சொல்ல வராதே என்று கோயிலுக்குக்கூட வரமாட்டாள். செருப்பை என் காலடியில் போட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு காலை நுழைத்தாள்.

"வ... ரேன்" என்றாள்.

கடிக்கவில்லை. என் வாய் மூடி இருந்தது. பார்த்துச் செய்ய அங்கே எதுவும் இல்லை. அது முழுக்க அவளுடையது.

"அட என்ர தங்கமே!" என்று துளசிமணி கத்தியதில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. மூன்று பேரும் ஆட்டோவில் போனோம்.

பல் டாக்டர் வித்யாதரன் பல்செட்டை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பு என் வாயை அளவெடுத்து வார்த்து வைத்திருந்த மாவுக்கல் அச்சின்மேல் வைத்து அமுக்கினார். டக் டக் என்று ஆடியது.

"என்னுங்க பண்ணுனீங்க இத?"

"கொதிக்க வெச்சேன்."

"எதுக்குங்க?"

"கிருமி போகணும்ல."

"நீங்க சயின்ஸ் வாத்தியாருங்களா?"

"ஆமா."

"அதானே பாத்தேன்."

துளசிமணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பல் பிடுங்கின பிறகு முதல் சில மாதங்களுக்கு ஈறு வற்றிச் சுருங்கிக்கொண்டே போகுமாம். கால் சிறுத்துவிட்டால் பழைய செருப்பு தொளதொளக்கும் என்பதுபோல என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அப்போதே வந்திருந்தால் உள்பக்கம் மட்டும் ஒரு பூச்சு கொடுத்துச் சரியாக்கியிருக்கலாம். கொதித்த தண்ணீரில் போட்டதும் பிளாஸ்டிக் நெளிந்துவிட்டது. இனிப் புதிதுதான். நான்கைந்து தடவை வர வேண்டியிருக்கும்.

நான் வெளியே திரும்பிப் பார்த்தேன். காத்திருக்கும் இடத்தில் மயிலாத்தாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வரவேற்பில் இருந்த பெண் அவளையும் நோயாளி என்று நினைத்து, "உங்க பேர் என்னுங்கம்மா?" என்று கேட்டது. பதில் சொல்ல எழுந்த துளசிமணியை நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

வெகு நேரம் ஆனது. அந்தப் பெண்ணும் அவசரப்படுத்தவில்லை, பேனாவோடு காத்திருந்தது.

"மயி... லாத்தா."

"மயிலாத்தாள். வயசுங்கம்மா?"

மயிலாத்தாள் என்னைப் பார்த்தாள். வயதைச் சொல்வதிலிருந்து மட்டும் ஊமையாக இருந்தே தப்பித்துக்கொண்டாள்.

பிப்ரவரி 8

பெனசீரிடம் எல்லாம் சொன்னேன். அவள் மயிலாத்தாளின் தோளைத் தட்டி, "என்னக் கேக்காம நீங்களே ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றாள். இனிச் சொல்லை ஆரம்பிக்கும்போது கடிக்குப் பதில் விரலால் மேஜையை ஒரு தட்டு தட்டச் சொல்லிக்கொடுத்தாள். வாய்க்கு ஒரு தொடக்கம் வேண்டும், அது கையில் இருந்தால் குற்றமில்லையாம்.

நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாத்தியாருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

பிப்ரவரி 12

பல் டாக்டரிடம் அளவு எடுக்க இரண்டாம் தடவை. இருவர் மட்டும் போனோம். திரும்பும்போது பேக்கரியில் உட்கார்ந்தோம். டீக்காரர், "அம்மா நல்லா இருக்கீங்களா? ஆளையே காணோம்" என்றார். அவள் மேஜையைத் தட்டினாள். "நல்லா" என்றாள். தேங்காய் பன்னை டீயில் நனைத்து இருவரும் சாப்பிட்டோம்.

பிப்ரவரி 19

மெழுகில் பல்லை அடுக்கி வாயில் வைத்துப் பார்த்தார் டாக்டர். இந்தக் கட்டத்தில் எதுவும் மாற்றலாம், அச்சு வார்த்த பிறகு முடியாது என்றார். கண்ணாடியைக் கொடுத்தார். எனக்கு நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் சினிமாக்காரர் மாதிரி.

"அம்மாவும் பாத்துச் சொல்லட்டுமுங்க. அவங்கதான பாத்துட்டே இருக்கப் போறாங்க" என்று மயிலாத்தாளை உள்ளே கூப்பிட்டார். அவள் என் எதிரே வந்து நின்றாள். மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பார்ப்பாளே, அதே பார்வை. நான் வாயை இளித்துக்கொண்டே இருந்தேன். டாக்டரின் கருவித் தட்டில் விரலால் ஒரு தட்டு தட்டினாள்.

"பெருசு."

டாக்டர் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். "கரெக்ட்டுங்க. முன்பல்லு ரெண்டும் துளி நீளம்" என்று மாற்றி அடுக்கினார். நர்ஸ் பெண் கை தட்டியது. எனக்குத்தான் சினிமா வாய்ப்புப் போனது.

பிப்ரவரி 26

புதுப் பல் வந்துவிட்டது. கச்சிதமாக உட்காருகிறது. அண்ணம் முழுக்க ஒரு புது ஓடு வேய்ந்த மாதிரி இருக்கிறது. எச்சில் ஊறுகிறது. "சா" என்றால் காற்று வேறு வழியில் போகிறது.

டாக்டர் சொன்னவை: சின்னத் துண்டாக்கி, இரண்டு பக்கமும் மென்று சாப்பிடணும். ராத்திரி கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போடணும். "பச்சத் தண்ணிங்க. சயின்ஸ் வேண்டாம்." எங்காவது உறுத்தினால் நானே அரத்தால் தேய்க்காமல் அவரிடம் வரணும். தினமும் சத்தமாக வாசித்துப் பழகணும், யாரையாவது எதிரில் உட்கார வைத்துக்கொண்டு.

எதிரில் உட்கார ஒருத்தி ஏற்கெனவே இருக்கிறாள்.

பேப்பரை எடுத்து வாசித்தேன். "சத்தியமங்கலம் சாலை சீரமைப்பு." எல்லாச் சகரமும் சீட்டியடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். மயிலாத்தாள் கன்னத்தில் கை வைத்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜையைத் தட்டினாள்.

"இன்... னொருக்கா."

எத்தனை மாதமாக இந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாளோ தெரியவில்லை. இன்று எத்தனை தடவை சொன்னாள் என்பதை நான் எண்ணவில்லை. அவளும் விடவில்லை.

மார்ச் 2

பெனசீர் அனுமதி கொடுத்துவிட்டாள். மறுபடி நான் சொல்லிக்கொடுக்கிறேன். "தண்ணி" என்றேன், கடிக்காமல், நேராக. மயிலாத்தாள் என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். நான் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். மறுபடி சொன்னேன். அவள் வாய் திறந்தது, நின்றது. பழகின படிக்கட்டில் ஒரு படியைக் காணாமல் கால் காற்றில் நிற்பதுபோல நின்றது. பிறகு கண்ணில் நீர் வந்துவிட்டது.

நான் அவள் விரலை எடுத்து மேஜையில் தட்டினேன். வரவில்லை. இன்று எதுவும் வரவில்லை.

மார்ச் 3

நேற்றைப் போலத்தான்.

மார்ச் 4

காலையில் "பால்". முதல் தடவையாகச் சரியான "பால்". மேஜையைத் தட்டினாள், கடிக்கவில்லை. காய்ச்சி, சர்க்கரை தூக்கலாகப் போட்டு, ஆற்றிக் கொடுத்தேன். கேட்டது கிடைத்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

மார்ச் 9

இடது பக்கம் ஈறில் உறுத்தல். டாக்டர் ஒரு நிமிடத்தில் தேய்த்துக் கொடுத்தார். நான் உள்ளே இருந்தபோது மயிலாத்தாள் வெளியே வரவேற்புப் பெண்ணோடு "பேசிக்கொண்டிருந்தாள்". என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "சும்மா" என்றாள்.

மதியம் துளசிமணி வந்தாள். அரிசிம்பருப்புச் சாதமும் அப்பளமும். அப்பளத்தை நான் கடித்த சத்தம் எனக்கே கேட்டது. "மாமா, பல்லு எப்படி?" என்றாள். பெருமையாகப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் மயிலாத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சட்டைக் காலரை இழுத்துவிடுவதுபோல் சேலையை இழுத்துவிட்டாள். தொண்டையைச் செருமினாள். என்னைப் பார்த்தாள். கடக் கடக் என்று இரண்டு கடி கடித்தாள். நாக்கால் கன்னத்தை உப்பவைத்து ஒரு தள்ளு தள்ளினாள். கண்ணை ஒருமுறை உருட்டினாள்.

"நல்லா... இருக்கு" என்றாள், என் குரலில்.

துளசிமணிக்குப் புரை ஏறிவிட்டது. நான் சிரித்தேன். வாயை முழுக்கத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தேன். பல் அசையவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் மயிலாத்தாள் சோற்றை ஒரு கரண்டி போட்டுக்கொண்டு ஒன்றுமே நடக்காதவள் மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் எனக்குப் பழைய மரியாதை திரும்பிவிட்டது.

மார்ச் 15

சனிக்கிழமை. பெனசீர் வரும் நாள். காலையில் சீக்கிரமே வந்துவிட்டாள். நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கேட் சத்தம் கேட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கூடம் வழியாக வேகமாக வாசலுக்குப் போனேன்.

"ஏனுங்க!"

"என்ன மயிலு?" என்று சொல்லிக்கொண்டே போய்க் கேட்டைத் திறந்தேன். "வாம்மா பெனசீர்" என்றேன்.

பெனசீர் உள்ளே வராமல் நின்றாள். என் தோளுக்கு மேலே வீட்டைப் பார்த்தாள்.

"சார்... யாரு கூப்பிட்டாங்க?"

"அவள்தான், வேறு யாரு இருக்கா..." என்று ஆரம்பித்தேன்.

எத்தனையோ வருடம் அந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னவன். இன்றும் அப்படியே சொல்லிவிட்டு நடந்திருக்கிறேன். கேட்டின் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பினேன். மயிலாத்தாள் கூடத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இடது கையில் தண்ணீர் தளும்பும் கிண்ணம். அதற்குள் என் பல். முகத்தில் அந்த முறைப்பு.

"வந்தவங்க... முன்னால..." என்றாள். மூச்சு வாங்கினாள். கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள். "மாட்டுங்க."

மாட்டினேன்.